டிரைவர் இல்லாத காரும் பால்காரர் சைக்கிளும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போது படியுங்கள். மற்றவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்தால் போதும். வருகைப் பதிவேடு எடுக்க மாட்டேன்.

போன வாரம் ஒரு பழைய வீடியோவை இங்கே போட்டிருந்தேன். 2024 நவம்பரில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது பேரன் எடுத்தது. காரில் டிரைவர் சீட் காலி. ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. பின்சீட்டில் நான் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு எத்தனை பதில்கள்! "டீச்சர், அது பேய் வண்டியா?" என்று ஒருவன். "வாலாஜாபாத் ரோட்ல ஒரு ரவுண்டு விடச் சொல்லுங்க, தெரியும் சேதி" என்று இன்னொருவன். "அண்ணி, வேண்டாத வேலை" என்று என் நாத்தனார்.

ஒரு மாணவன் மட்டும் எதுவும் எழுதவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தான். அவன் ஓரகடத்துக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறான். நலம் விசாரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: "டீச்சர், அந்த வண்டிக்குத் தூக்கம் வராது இல்ல?"

"வராதுப்பா" என்றேன். "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டான்.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். உங்களில் பழைய ஆட்கள் சிலருக்கும் தெரியும். மறுநாள் அவனையே கூப்பிட்டு, "இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் வேணாம்" என்றான். அதனால் இதில் யார் பேரும் இல்லை. தெரிந்தவர்கள் கமெண்டில் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்தக் கார் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் இருப்பது அரிசோனா மாநிலத்தில் சாண்ட்லர் என்ற ஊர். பீனிக்ஸ் நகரத்தை ஒட்டியது. ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் நேராக இருக்கும். மழை வருஷத்துக்குச் சில நாள்தான். அந்தப் பகுதியில் வேமோ என்ற கம்பெனியின் டிரைவர் இல்லாத டாக்சி பொது மக்களுக்கே ஓடுகிறது. கூகுள் கம்பெனியில் பிறந்த பிள்ளை அது. வெள்ளை ஜாகுவார் கார், தலையில் குடுமி வைத்த மாதிரி ஒரு சுழலும் கருவி. போனில் கூப்பிட்டால் வாசலுக்கு வருகிறது, போனிலேயே கதவு திறக்கிறது. உட்கார்ந்து பெல்ட் போட்டால் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்கிறது.

அந்தக் காரில் மட்டும் 29 கேமரா இருக்கிறதாம். கேமரா போக ரேடார். அது போக லைடார் என்று ஒன்று. லைடார் என்னவென்று மருமகன் விளக்கினார். வௌவால் சத்தம் கொடுத்து, அது எதிரொலித்து வருவதை வைத்துச் சுவர் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளும் என்று உங்களுக்கு அறிவியல் பாடத்தில் சொல்லியிருக்கிறேன் அல்லவா? சத்தத்துக்குப் பதில் இங்கே லேசர் ஒளி. சுற்றிலும் ஒளித் துடிப்புகளை வீசி, அவை திரும்பி வரும் நேரத்தை அளந்து, எது எங்கே எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நொடிக்கு நொடி படம் போட்டுக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியைப் பின்சீட்டில் இருக்கும் திரையில் நமக்கும் காட்டுகிறது. பக்கத்தில் வரும் கார் ஒரு பெட்டி. நடந்து போகிற ஆள் ஒரு சின்ன மனித உருவம்.

முதல் ஐந்து நிமிஷம் காயத்ரி மந்திரம்தான். பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே ஓட்டியது. மஞ்சள் விளக்கு விழுந்தால் பாய்ந்து போகவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்துக் கார்க்காரரைத் திட்டவில்லை. வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டி நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், இவ்வளவு நிம்மதியாகப் போனதில்லை. (அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

டெம்பி என்ற ஊரை நெருங்கும்போது ஒரு சிக்னலில் கார் வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்போது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். வயசானவர், ஹாண்டில்பாரில் ஒரு பை தொங்கியது. கார் நின்றது. திரையைப் பார்த்தேன். அதில் அவர் ஒரு சின்ன மனித உருவமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார். அவர் நடைபாதையில் ஏறும்வரை கார் அசையவில்லை.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மகள் பயந்துவிட்டாள். "இன்னாமா, பயமா இருக்கா? நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றாள். பேரன், "ஆயா அழுவுது" என்று வீடியோவை நிறுத்திவிட்டான். அதனால்தான் அந்த வீடியோ திடீரென்று முடிகிறது. பலபேர் கேட்டிருந்தீர்கள்.

2008-ஆம் வருஷம் தை மாதம். நான்காம் வகுப்பு எனக்கு. அந்த வகுப்பில் ஒரு பெண், படிப்பில் சுமார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் அப்பா பால்காரர். விடியற்காலை நான்கு மணிக்கு வீடு வீடாகக் கறந்து, இரண்டு பக்கமும் கேன் கட்டிய சைக்கிளில் சொசைட்டிக்குக் கொண்டு போவார். கேன் நிறைந்திருந்தால் மேட்டில் மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டுதான் போவார். சைக்கிளில் டைனமோ கெட்டு மாசக்கணக்கில் ஆகியிருந்தது.

அன்று காலை ஐந்து மணிக்கு ஜல்லி லாரி ஒன்று அவரை அடித்துவிட்டது. லாரி நிற்காமல் இருபது அடி போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது. டிரைவர் தூங்கிவிட்டிருந்தான். தொடர்ந்து மூன்றாவது ராத்திரி வண்டி ஓட்டியிருந்தான். நடைக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரிக்கு நான்கு நடை அடிக்காவிட்டால் மறுநாள் வண்டி வேறு ஆளுக்கு.

அந்த டிரைவர், 1992-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். வாய்ப்பாட்டில் பதினாறாம் வாய்ப்பாடுவரை தலைகீழாகச் சொல்லுவான்.

நான் அன்று காலை ஒரு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் இன்னொரு வீட்டுக்குப் போனேன். இரண்டு வீட்டிலும் எனக்கு நாற்காலி போட்டார்கள். இரண்டு வீட்டிலும் என்ன பேசினேன் என்று நினைவில்லை.

இதைச் சொல்லிவிட்டேன். இனிமேல் நான் சொல்வதைப் புரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்.

அன்று சாண்ட்லர் வீட்டுக்குத் திரும்பியதும் மருமகனிடம் கேட்டேன். "இந்த மாதிரி வண்டி யாரையாவது அடித்திருக்கிறதா?" அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அத்தை, நாம இன்னைக்குப் போன அதே டெம்பியில்தான்" என்று ஆரம்பித்தார். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பத்து மணி வாக்கில். மில் அவென்யூ என்ற ரோடு. எலைன் ஹெர்ஸ்பெர்க் என்ற 49 வயதுப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். சைக்கிளில் பைகள் தொங்கின. ஊபர் கம்பெனி சோதனைக்கு விட்டிருந்த தானியங்கி வால்வோ கார் அவரை மோதியது. இறந்துபோனார். தானாக ஓடும் கார் நடந்து போகும் ஒருவரைக் கொன்ற முதல் சம்பவம் அது. காரில் கண்காணிப்புக்கு ஒரு ஊழியர் உட்கார்ந்திருந்தார். அவர் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2019-ல் வெளியிட்ட முடிவுகளை மருமகன் படித்துச் சொன்னார். கணக்கு டீச்சராக இருந்ததால் எனக்கு எண்கள்தான் மனசில் நிற்கும். மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கார் அவரைக் கண்டுபிடித்துவிட்டது. கார் போன வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வாக்கில். நொடிக்கு எத்தனை மீட்டர்? எழுபதாயிரத்தை 3,600-ஆல் வகுங்கள். 19 மீட்டருக்கு மேல் வரும். அதை 5.6-ஆல் பெருக்குங்கள். நூறு மீட்டரைத் தாண்டுகிறது. நம் பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவோமே, ஆரம்பக் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை உள்ள தூரத்துக்கும் அதிகம். கவனித்து ஓட்டுகிற மனுஷன் அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்திருப்பான்.

பின் ஏன் நிற்கவில்லை? கண் தெரிந்தது, புத்திக்குப் புரியவில்லை. முதலில் 'வாகனம்' என்று நினைத்தது. பிறகு 'ஏதோ ஒரு பொருள்' என்றது. பிறகு 'சைக்கிள்' என்றது. மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை பேரை மாற்றும்போதும், இதற்கு முன் அது எந்தப் பக்கமாக நகர்ந்து வந்தது என்ற கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. அதனால் அவர் ரோட்டைக் கடக்கிறார் என்பதே அதற்கு எட்டவில்லை. இன்னொன்று, கோடு போட்ட இடத்தில் இல்லாமல் வேறு இடத்திலும் ஆள் ரோட்டைக் கடக்கலாம் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் எழுதப்படவில்லை. வால்வோ காரிலேயே வரும் அவசர பிரேக் ஏற்பாட்டையும் தங்கள் கருவியோடு மோதும் என்று சோதனையின்போது நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குப் பால்காரர்தான் நினைவுக்கு வந்தார். இரண்டு பக்கமும் கேன். இருட்டு. கோடு எங்கே இருக்கிறது நம் ஊரில்? அவரைப் பார்த்து அந்தக் கார் என்ன பேர் வைத்திருக்கும்? பொருளா, வாகனமா, சைக்கிளா?

அந்த வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? கம்பெனி மீது குற்ற வழக்கு போட முகாந்திரம் இல்லை என்று 2019-லேயே சொல்லிவிட்டார்கள். கண்காணிக்க உட்கார்ந்திருந்த ஊழியர்தான் 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தண்டனை பெற்றார்.

நம் ஊர் வழக்கிலும் அப்படித்தான். என் மாணவன் ஜெயிலுக்குப் போனான். குவாரி முதலாளி, "இவன் முந்தின நாள் ராத்திரி லீவுதான், வீட்டில் தூங்காமல் வந்தால் நான் என்ன செய்ய" என்று சொல்லிவிட்டார். எந்த ராத்திரி எத்தனை நடை என்று எழுதி வைத்த டிரிப் நோட்டு ஒன்று இருந்தது. மேஸ்திரி கையில் நானே பார்த்திருக்கிறேன். போலீஸ் கேட்கும்போது அது இல்லை.

இந்த இடத்தில் சான் பிரான்சிஸ்கோ கதையையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 2-ஆம் தேதி ராத்திரி, மனுஷன் ஓட்டிய ஒரு கார் ரோட்டைக் கடந்த பெண்ணை இடித்து, குரூஸ் என்ற கம்பெனியின் டிரைவர் இல்லாத காருக்கு முன்னால் தள்ளிவிட்டது. அந்தக் காரும் இடித்தது. அதுவரை அதன் மேல் பெரிய தப்பு இல்லை. ஆனால் இடித்து நின்ற பிறகு, ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று நினைத்துக் கீழே கிடந்த பெண்ணையும் சேர்த்து இருபது அடி இழுத்துக்கொண்டு போனது. அவர் பிழைத்துக்கொண்டார். இழுத்துப் போனதை முழுதாகச் சொல்லாமல் கம்பெனி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. அக்டோபர் 24-ல் கலிபோர்னியா அரசு அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது. பொய் அறிக்கை கொடுத்ததை ஒப்புக்கொண்டு 2024-ல் ஐந்து லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். அந்த வருஷக் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டது.

உத்திரமேரூருக்கு உங்களை எத்தனை முறை சுற்றுலா கூட்டிப் போயிருப்பேன்! வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் காட்டி, முதலாம் பராந்தக சோழன் காலம், குடவோலை முறை என்று சொன்னால் நீங்கள் எல்லாரும் புளியோதரைப் பொட்டலத்தைத்தான் பார்ப்பீர்கள். அதில் ஒரு விதி உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் நெருங்கிய சொந்தக்காரர் பேரையும் போடக்கூடாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. குவாரி நோட்டு காணாமல் போனபோதும் எனக்கு அது நினைவுக்கு வந்தது, மருமகன் குரூஸ் கதையைச் சொன்னபோதும் வந்தது. வண்டி நல்லதா கெட்டதா என்பதைவிட, இடித்த பிறகு நோட்டை எடுத்துக் காட்டுவார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

சரி, மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2022-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாம்தான் முதல் மாநிலம். 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 49 பேர். என் வகுப்பில் பல வருஷம் 49 பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறை, தினமும். நாடு முழுக்க இறந்தவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்களும் நடந்து போனவர்களும்.

வேமோ கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 2025-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 5.67 கோடி மைல் டிரைவர் இல்லாமல் ஓட்டிய கணக்கு. அதே ஊர்களில் மனுஷர்கள் ஓட்டுவதோடு ஒப்பிட்டால், நடந்து போகிறவர்கள் காயம்படும் விபத்து 92 சதவீதம் குறைவு என்கிறார்கள். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்திக்கொண்ட மார்க் இது என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் அந்தத் தாளைப் பிறரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள், வேறு ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். பாதியைத் தள்ளினாலும் அது சின்ன விஷயம் இல்லை. குடிக்காது. தூங்காது. போன் பார்க்காது. மூன்றாம் ராத்திரி என்று ஒன்று அதற்குக் கிடையாது.

அதே வேமோ, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் பிள்ளைகளை இறக்கிவிட நிற்கும் பள்ளிப் பேருந்தைத் தாண்டிக்கொண்டு போயிருக்கிறது. அங்கே பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்குப் போட்டு நின்றால் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். ஒரு முறை இரண்டு முறை இல்லை, பள்ளி நிர்வாகமே புகார் எழுதும் அளவுக்கு. 2025 டிசம்பரில் மென்பொருளைத் திருத்துவதாக அறிவித்தார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் கரண்ட் போய், சிக்னல் எல்லாம் அணைந்தபோது இந்தக் கார்கள் பல இடங்களில் நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டன. கரண்ட் போனதற்கே நின்றால் நம் ஊரில் அது எப்போதுதான் கிளம்பும்?

நம் ஊர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். அறுப்பு முடிந்தால் பாதி ரோட்டில் நெல் காயும். ஓரத்தில் கருங்கல்லோ முள்ளோ வைத்திருப்பார்கள். எதிரில் பஸ் வந்தால் யார் ஒதுங்குவது என்பதைக் கண்ணாலேயே பேசி முடிப்போம். ஆட்டோக்காரர் வலது பக்கம் திரும்பக் கையைக் காட்டுவார், இடது பக்கம் திரும்பக் காலை நீட்டுவார். சாவு ஊர்வலம் போனால் பின்னால் வரும் வண்டி ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வரும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் பின்னாலிருந்து பார்த்தால் வண்டியாகவே தெரியாது, நகரும் போர்தான்.

என் தம்பி மகன் போன வருஷம் புதுக் கார் வாங்கினான். ஓட்டுநருக்கு உதவும் ஏற்பாடு என்று அதில் கேமராவும் ரேடாரும் உண்டு. முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் தானே இழுக்கும். வண்டலூர் ரோட்டில் அருமையாக வேலை செய்தது. வாலாஜாபாத் தாண்டி நம் பக்கம் திரும்பியதும் அதற்குக் கோடு கிடைக்கவில்லை. பழைய கோடு ஒன்று, அதன்மேல் ஒட்டுப்போட்ட தார், பக்கத்தில் மணல். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுக்க. பிறகு கொட்டி வைத்த நெல்லைப் பார்த்தோ என்னவோ சடாரென்று பிரேக் போட்டது. பின்னால் வந்த பைக்காரர் மயிரிழையில் தப்பினார். இறங்கி வந்து என் தம்பி மகனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவன் "நான் போடலைண்ணா, வண்டி போட்டுச்சு" என்கிறான். யார் நம்புவார்?

நம் மத்திய மந்திரி நிதின் கட்கரி 2017-லேயே டிரைவர் இல்லாத காரை இந்தியாவில் விட மாட்டோம், டிரைவர்கள் வேலை போய்விடும் என்று சொன்னார். பிறகும் அதையே திரும்பச் சொன்னார். அதற்காக இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள். ஐதராபாத் ஐ.ஐ.டி.யில் வளாகத்துக்குள்ளேயே டிரைவர் இல்லாத பஸ் ஓட்டிப் பார்க்கிறார்கள். நம் மாவட்டத்து ஓரகடத்திலேயே வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செய்யாறு பக்கத்தில் மகிந்திராவின் சோதனை ஓடுபாதை இருக்கிறது. உங்களில் சிலபேர் அங்கெல்லாம் வேலை செய்கிறீர்கள், எனக்குத் தெரியாததைத் திருத்துங்கள். பூந்தமல்லியில் 2025 மார்ச் 20-ஆம் தேதி டிரைவர் இல்லாத மெட்ரோ ரயிலை முல்லைத்தோட்டம் வரை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் ஏற எனக்குத் தயக்கமே இல்லை. மேலே தனித் தண்டவாளம். அங்கே யாரும் நெல் காய வைக்கப் போவதில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வரப் போவதுமில்லை.

ஓட்டுபவன் இல்லாமல் பாயும் பொருள் நம் புள்ளலூருக்குப் புதிதும் இல்லை. 1780 செப்டம்பரில் ஐதர் அலி, திப்பு படை இங்கே கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது ராக்கெட் விட்டார்கள், வெள்ளைக்காரன் மருந்து வண்டியே வெடித்தது என்று பாடத்தில் சொல்லியிருக்கிறேன். பற்றவைத்த பிறகு அது எங்கே போகும் என்பது விட்டவன் கையில் இல்லை. இது சும்மா இடையில் வந்த நினைவு, விட்டுவிடுங்கள்.

என் மாணவனிடம் திரும்பி வருகிறேன். அவன் ஜெயிலிலிருந்து வந்த பிறகு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தான். "அந்த வீட்டுக்குப் போகணும் டீச்சர், கூட வாங்க" என்றான். போனோம். அந்த அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவன் வாசலிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். யாரும் வரவில்லை, திரும்பிவிட்டோம். அடுத்த வருஷம் தை மாதம் மறுபடி போனான். மூன்றாம் வருஷம் அந்தப் பெண் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அவள் பத்தாவது படிக்கும்வரை ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வாங்கி என்னிடம் கொடுப்பான், நான் கொடுத்ததாக அவளிடம் கொடுப்பேன். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

தூங்காத வண்டி அன்று வந்திருந்தால் பால்காரர் இருந்திருப்பார். இதை நான் நம்புகிறேன். ஒருவேளை அந்த வண்டிக்கு அவர் என்னவென்று புரியாமல் இடித்திருந்தால், அந்த வாசலில் உட்கார யார் வந்திருப்பார்கள் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் நினைத்துக்கொண்டுதான் அன்று ராத்திரி போனை வைத்தேன்.

முந்தாநாள் 2012 பேட்ச் மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். கம்ப்யூட்டரில் படம் பார்த்துக் கட்டம் போடும் வேலை. ரோட்டில் எடுத்த படங்கள் வருமாம். கார் மேல் ஒரு கட்டம், ஆட்டோ மேல் ஒரு கட்டம், மாட்டின் மேல் ஒரு கட்டம், ஒவ்வொன்றுக்கும் பேர். நாளுக்கு நூற்றுக்கணக்கான படம். இப்படி மனுஷர்கள் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் அந்த வண்டிகள் கற்றுக்கொள்கின்றன. ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் நம் நாட்டு ரோடுகளில் எடுத்த 10,000 படங்களை இப்படி 34 வகையாகப் பிரித்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள், அதில் ஆட்டோவுக்குத் தனி வகை உண்டு என்றாள். எனக்கு ஒரே ஆச்சரியம். அ, ஆ எழுதப் பழக்கினேன் இவளுக்கு. இவள் வண்டிக்குப் பழக்குகிறாள்.

காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பால் கேன் கட்டியிருந்தா எப்படிடி கட்டம் போடுவே?"

"கேனையும் சேர்த்துத்தான் டீச்சர். ஓட்டிட்டுப் போனா ரைடர்னு போடணும். இறங்கித் தள்ளிட்டுப் போனா ஆளுக்குத் தனிக் கட்டம், பெர்சன்னு."

"இருட்டுல?"

கொஞ்சம் யோசித்தாள்.

"இருட்டுப் படம் எங்களுக்குக் கம்மியாத்தான் வருது டீச்சர்."